குறைகூலியும் சட்டமும்

கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு என்பது இக்காலத்தில் பலரும் அறிந்த விஷயம். அத்தண்டனை எப்பொழுது, எவ்வழியாக வந்தது என்பதை அறிந்தோரோ சிலரே. ஒரு காலத்தில் இத்தேசத்துச் சட்டம் இதற்கு நேர்மாறாக நின்றது. கூலி போதவில்லையென்று வேலையை விட்டுச் சென்றவன் சிறைக்குப் போனான். கூலியைக் குறைத்தவனோ தன் வீட்டுத் திண்ணையில் இருந்தான். நம் சங்கத்தாருள் கூலி கொடுப்போரும் உளர், கூலி வாங்குவோரும் உளர். தமையன் கடை முதலாளியாகவும் தம்பி மில் தொழிலாளியாகவும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே அருமையல்ல. ஆகவே இச்சரித்திரம் இரு திறத்தாரும் அறிந்திருக்க வேண்டுவதொன்று.

குறைகூலி கொடுப்போர் எக்காலத்தும் எத்தேசத்தும் சொல்லிவந்த சமாதானம் ஒன்றே. “அவன் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தான்?” என்பதே அது. இச்சமாதானத்தைச் சட்டம் முதலில் அப்படியே ஏற்றுக்கொண்டதும், பின்னர் ஐயுற்றதும், முடிவில் தள்ளிவிட்டதுமே ஈண்டுக் கூறப்புகும் கதை.

1859-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் 13-ஆவது ஆக்டாக ஒரு சட்டம் இயற்றினர். தொழிலாளர் ஒப்பந்த மீறுதலைப் பற்றியது அது. கல்கத்தாவிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகள் செய்துகொண்ட விண்ணப்பத்தின் பேரில் பிறந்த இச்சட்டம், முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று ராஜதானிப் பட்டணங்களுக்கு ஏற்பட்டுப் பின்னர் பிற இடங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராமலோ வேலையை முடிக்காமலோ போனால், எஜமானன் மாஜிஸ்டிரேட்டிடம் பிராது கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்டிரேட்டு உத்தரவிடுவார். இரண்டும் செய்யாதவனுக்கு மூன்று மாதம் வரையில் கடுங்காவல். பிராது கொடுக்கும் உரிமை எஜமானனுக்கே இருந்தது. பேசிய கூலியில் பாதியை முதலாளி பிடித்துக்கொண்டால், அவன் மீது இந்த ஆக்டின்படி தொழிலாளி செய்யக்கூடியது யாதொன்றுமில்லை. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்பர். ஸ்டாம்புக்கும் வக்கீலுக்கும் பணம் வைத்திருப்பவன் முன்பணத்துக்குக் கைநாட்டு வைக்க வருவானா என்பதை அன்பர்களே யோசிக்க வேண்டும்.

நீலகிரியிலும் வயநாட்டிலும் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் பெருகிய காலத்தில் இந்த ஆக்டு தோட்டத் துரைகளுக்குப் பெரிதும் உதவிற்று. சமவெளிக் கிராமங்களில் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து மலைக்கு ஏற்றுவர். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சி இறங்கி ஓடியவர்களைப் பிடித்து வர வாரண்டுகள் பின்தொடரும். அதுவும் போதாதென்று தோட்டத் துரைகள் முறையிட, 1903-இல் சென்னை ராஜதானியில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் ஒன்றும் உண்டாயிற்று. 1859-ஆம் வருஷத்து ஆக்டு 1920-இல் சிறிது தளர்த்தப்பட்டது. 1925-இல் நிறைவேறிய சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1926 ஏப்ரலிலிருந்து இல்லாமற் போயிற்று. இங்கிலாந்தில் வேலையை விட்டவனைச் சிறையிலிடும் வழக்கம் 1875-லேயே நீங்கிவிட்டது. அங்கே நீங்கி ஐம்பதாண்டு சென்ற பின்னரே இங்கே நீங்கிற்று என்பதைக் குறித்துக்கொள்க.

கடல் கடந்து இலங்கைக்குச் சென்ற நம் தமிழ்த் தொழிலாளரின் கதையும் இதனோடு பிணைந்தது. அங்கே கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளி பேரில் கடனாக ஏறும். அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டிலுள்ள தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறுவர். தொகை கட்டப்பட்டதேயன்றிக் கடன் தீர்ந்ததில்லை. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்பின் ஆட்களை அனுப்ப வேண்டுமானால் நியாயமான கூலி நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று இந்திய சர்க்கார் வற்புறுத்தினர். அதன் பயனாக 1927-ஆம் ஆண்டில் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறி, 1929-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைகளுக்கு 32 சதம் என்று விகிதம் ஏற்பட்டது. தாய்நாட்டில் அத்தகைய பொதுச் சட்டம் ஏற்படுவதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்னரே நம்மவர் அந்நிய மண்ணில் அதைப் பெற்றனர் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. பெரிதாக மகிழவும் இடமில்லை. உலக வியாபார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்தவுடன், 1930-களின் தொடக்கத்திலேயே அவ்விகிதங்களும் குறைக்கப்பட்டன.

குறைந்த கூலி கொடுப்பதையே குற்றமாக்கித் தண்டிக்கலாம் என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? 1896-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் சில தொழில்களுக்குக் கூலி நிர்ணய சபைகளை அமைத்தது. அதைப் பார்த்து இங்கிலாந்தில் 1909-இல் ஒரு சட்டம் செய்தனர். அப்பொழுது வர்த்தக மந்திரியாக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். ஆயத்த உடை தையல், அட்டைப்பெட்டி செய்தல், லேஸ் வேலை, சங்கிலி அடித்தல் என்ற நான்கு தொழில்களுக்கு மட்டும் சபைகள் ஏற்பட்டன. சபை விதித்த கூலிக்குக் குறைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 20 பவுன் வரையில் அபராதம். தீர்ப்புக்குப் பின்னும் குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5 பவுன் வரையில்.

இச்சட்டம் முதன்முதலில் சோதிக்கப்பட்ட விதம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. கிராட்லி ஹீத் என்னும் ஊரில் பெண்கள் தம் வீட்டுக் கொல்லையிலுள்ள சிறு உலைகளில் இரும்பைக் காய்ச்சிச் சங்கிலி அடிப்பது வழக்கம். கைக்குழந்தையை உலைக்கு அருகே கிடத்திவிட்டுச் சம்மட்டி பிடித்தவர்கள் அவர்கள். சபையானது மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று கூலி விதித்தது. பலருக்கு அது முன்பு பெற்றதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தொழிலாளி தானே எழுதிக்கொடுத்தால் ஆறு மாதம் வரையில் பழைய கூலியே கொடுக்கலாம். முதலாளிகள் காகிதங்களை அச்சிட்டுக் கொண்டுவந்தனர். எழுத்தறியாப் பெண்கள் பலர், இன்னதென்று தெரியாமலே அவற்றில் குறியிட்டுக் கொடுத்தனர். மேரி மக்கார்த்தர் என்ற மாது தலைமை வகித்த பெண் தொழிலாளர் சங்கம் இதைக் கண்டு கிளர்ச்சி செய்தது. 1910 ஆகஸ்டு மாதம் தொடங்கிச் சுமார் 800 பெண்கள் வேலையின்றி வெளியே நின்றனர். பத்து வாரம் நின்றனர். தேசமெங்குமிருந்து பணம் வந்தது. அக்டோபர் 22-ஆம் தேதியன்று கடைசி முதலாளியும் புதுக் கூலிக்கு இசைந்து கையெழுத்திட்டார். மீந்த பணத்தில் அவ்வூர்த் தொழிலாளருக்கு ஒரு மண்டபம் கட்டினர். அது 1912-இல் திறக்கப்பட்டது. சட்டப் புஸ்தகத்தில் 20 பவுன் அபராதம் எழுதியிருந்தும், அதற்கு உயிர் கொடுத்தவர்கள் உலையை அவித்துவிட்டுத் தெருவில் நின்ற பெண்களே என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டுக்கு மீள்வோம். 1918-இல் சென்னையில் பி. பி. வாடியா தலைமையில் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது முதல் மில் தொழிலாளரின் குறைகள் பொது மேடைக்கு வந்தன. அக்காலத்து மில்களில் கூலியைக் குறைப்பதற்கு விகிதத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அபராதம் ஒன்றே போதும். நேரம் தாழ்ந்தால் அபராதம், நூல் அறுந்தால் அபராதம். சில இடங்களில் பழுதான துணியை நெசவுகாரன் தலையிலேயே கட்டி, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வர். 1929-இல் அமைந்த விட்லி கமிஷன் இவற்றையெல்லாம் விசாரித்து 1931-இல் அறிக்கை வெளியிட்டது. அதன் விளைவாக வந்தது 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். 1937 மார்ச்சு மாதம் அது அமலுக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி, ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிற்சாலையில் மாதம் முடிந்த 7-ஆம் நாளுக்குள்ளும், பெரிய தொழிற்சாலையில் 10-ஆம் நாளுக்குள்ளும் சம்பளம் பட்டுவாடா ஆக வேண்டும். அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படலாகாது. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அபராதமே கூடாது. வசூலான அபராதப் பணம் முதலாளியின் பெட்டியில் சேராமல் தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும். அக்கிரமமாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தருவதோடு, அதைப்போல் பத்து மடங்கு வரையில் நஷ்டஈடு கொடுக்கும்படியும் அதிகாரி உத்தரவிடலாம். குற்றத்துக்கு 500 ரூபாய் வரையில் அபராதம் தனி. இதற்குள் முதலாளிமாருக்கும் சில தின்பண்டங்கள் வைக்கப்பட்டிருந்தன. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராமலிருந்தால் எட்டு நாள் சம்பளம் வரையில் பிடிக்கலாம். கெட்ட எண்ணத்தோடு பிராது கொடுத்த தொழிலாளியிடம் 50 ரூபாய் வரையில் தண்டம் வாங்கலாம். யாவற்றினும் பெரிய குறை வேறொன்று. பேசிய கூலியைப் பிடிக்காதே என்றதேயன்றி, இவ்வளவு கூலி பேச வேண்டும் என்று இச்சட்டம் சொல்லவில்லை. இரண்டணாவுக்குச் சம்மதித்தவனுக்கு இரண்டணாவை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் சட்டம் திருப்தியடைந்துவிடும்.

அக்குறையை நீக்க வந்ததே 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இதன் மசோதாவை 1946 ஏப்ரலில் கொண்டுவந்தவர் அப்பொழுது தொழில் இலாகா அங்கத்தினராயிருந்த டாக்டர் அம்பேத்கர். அரிசி மில், எண்ணெய் மில், பீடி, தோட்டம், தோல் பதனிடுதல், கல் உடைத்தல், சாலை போடுதல், பொது மோட்டார் வண்டி, விவசாயம் முதலிய தொழில்கள் அதன் அட்டவணையில் இடம் பெற்றன. ஆலைத் தொழிலாளரைப் போல் சங்கம் கூட வழியில்லாதவர்களின் தொழில்கள் இவை. விதித்த கூலிக்குக் குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது 500 ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். குறைந்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரையில் நஷ்டஈடும் உண்டு. கிராட்லி ஹீத்தில் கண்ட சந்தை இச்சட்டம் அடைத்தே விட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வாங்கிக்கொள்கிறேன் என்று தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதன் 25-ஆம் பிரிவு கூறிற்று. 1859-இல் ஒருவனைச் சிறைக்கு அனுப்பப் போதுமாயிருந்த கைநாட்டு, 1948-இல் வெறுங் காகிதமாயிற்று.

கூலியை நிர்ணயிக்க மாகாண சர்க்கார்களுக்கு முதலில் சொற்ப ஆண்டுகளே தவணை தரப்பட்டது. அத்தவணை மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. விவசாயக் கூலி விஷயத்தில் தாமதம் மிகுதி. தஞ்சை ஜில்லாவில் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று ஏற்பட்டது. எனினும் கூலித் தகராறு தீரவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட தகராறின் தொடர்ச்சியாக, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 பேர் தீயில் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்கள் ஹைகோர்ட்டில் விடுதலையாயினர். அக்கொடுமைக்குப் பின் கணபதியா பிள்ளை தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்து, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெல்லின் அளவைப் பற்றிய வழக்கு இவ்வளவு உயிர்களைக் கொண்ட பின்னரே ஏட்டில் ஏறிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

இதனிடையே, சட்டம் செல்லாது என்று முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். அஜ்மீரில் ஒரு பஞ்சாலையார், தங்கள் தொழிலாளர் குறைந்த கூலிக்கே வேலை செய்ய இசைந்திருக்கும்போது சர்க்கார் குறுக்கிடுவது தொழில் செய்யும் உரிமைக்குப் பங்கம் என்று வாதித்தனர். வறுமையினால் எதற்கும் இசையும் நிலையிலுள்ளோரைக் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்று கூறி அவ்வாதத்தைக் கோர்ட்டார் தள்ளினர். 1961-இல் கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை வழக்கில், குறைந்தபட்சக் கூலி கொடுக்கச் சக்தியில்லை என்ற வாதமும் கேட்கப்படமாட்டாது என்று தீர்ப்பாயிற்று.

எனினும் இவ்விஷயத்தில் தலைசிறந்த தீர்ப்பு 1982 செப்டம்பரில் வந்தது. அவ்வாண்டு டில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடைபெற இருந்தது. மைதானங்களும் மேம்பாலங்களும் ஓட்டல்களும் இரவு பகலாய் எழுந்தன. பல மாகாணங்களிலிருந்து ஜமேதார்கள் ஆள் சேர்த்து வந்தனர். ஜமேதார் என்பவர் வேறு யாருமல்லர். நம் ஊர்க் கங்காணியே. நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. கண்டிராக்டர்கள் இதை ஜமேதார் கையில் கொடுப்பர். அவர் ஒரு ரூபாயைத் தம் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுப்பார். மூன்று ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டு எழுதிய அறிக்கையை, மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தார் ஒரு கடிதத்துடன் நீதிபதி பகவதிக்கு அனுப்பினர். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது.

ஒரு ரூபாய்தானே என்று கோர்ட்டார் விட்டுவிடவில்லை. அரசியல் சட்டத்தின் 23-ஆம் ஷரத்து கட்டாய வேலையைத் தடுக்கிறது. அதில் வரும் ‘பேகார்’ என்னும் சொல்லுக்கு நேரான பழந்தமிழ்ச் சொல் வெட்டி என்பது. சோழர் கல்வெட்டுக்களில் கூலியின்றிச் செய்யும் ஊழியத்துக்கு வெட்டி என்று பெயர். ‘வெட்டி வேலை’ என்று நாம் இன்றும் சொல்வது அதன் எச்சமே. கையில் சாட்டை பிடித்து வாங்கும் வேலையே கட்டாய வேலை என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். பசியும் ஒரு சாட்டை என்பதே தீர்ப்பின் கருத்து. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக ஒருவன் உழைக்க வருகிறானென்றால், வறுமை அவனை வேறு வழியின்றிப் பிடித்துத் தள்ளுகிறது. ஆகவே அது கட்டாய வேலையே என்று நீதிபதிகள் பகவதியும் பஹாருல் இஸ்லாமும் முடிவு செய்தனர். தனி முதலாளிக்கு எதிராகவும் இவ்வுரிமை செல்லும் என்றனர். தொழிற் சட்டத்தை மீறுவோருக்குச் சொற்ப அபராதம் மட்டும் விதித்து விட்டுவிடும் மாஜிஸ்டிரேட்டுகளையும் அத்தீர்ப்பு கண்டித்தது. சில நூறு ரூபாய் அபராதம் கட்டிவிட்டுப் பல்லாயிரம் ரூபாய் கூலியை மிச்சம் பிடிப்பவனுக்கு அபராதமும் ஒரு வியாபாரச் செலவுதானே?

மறு ஆண்டில் ராஜஸ்தானத்திலிருந்து வந்த வழக்கில் குறைகூலி கொடுத்தவர் சர்க்காரே. பஞ்ச நிவாரணத்துக்காகச் சாலை போட்ட ஏழைகளுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டியதில்லை என்று 1964-இல் அவர்கள் தனிச் சட்டமே செய்து வைத்திருந்தனர். உபகாரமாகக் கொடுப்பதற்குக் கணக்குக் கேட்கலாமா என்பது அவர்கள் வாதம். வேலை வாங்கிக்கொண்டு கொடுப்பது உபகாரமன்று என்று சுப்ரீம் கோர்ட்டு கூறி, முழுக் கூலி கொடுக்கச் செய்தது. ஏழைப்பட்டவனுக்குப் பிழைப்புக் கொடுத்தோம் என்று பெருமை பேசும் நம்மவர் சிலரும் இத்தீர்ப்பை ஒருமுறை படித்துக் கேட்பது நலம்.

மேற்கூறிய 1936, 1948-ஆம் வருஷத்துச் சட்டங்கள் இரண்டும் இப்பொழுது இல்லை. அவற்றையும் வேறு இரண்டையும் ஒன்றாக்கி 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அட்டவணையில் உள்ள தொழில், இல்லாத தொழில் என்ற பேதம் நீங்கி, எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டென்றாயிற்று. இது நன்று. குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 ரூபாய் வரையில். ஆனால் முதற் குற்றத்துக்குச் சிறை என்பது எடுபட்டுப் போயிற்று.  ஐந்தாண்டுக்குள் மறுபடியும் தண்டிக்கப்பட்டால்தான் மூன்று மாதம் வரையில் சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். 1859-இல் முன்பணம் வாங்கி ஓடிய கூலிக்காரனுக்கு விதித்ததும் மூன்று மாதமே. அவனுக்கு அது முதற் குற்றத்திலேயே கிடைத்தது, கடுங்காவலாகவும் கிடைத்தது.

தொழிலாளி பக்கத்தில் இத்தொகுப்பு தந்துள்ள சாதகங்களையும் சொல்ல வேண்டும். முன்பு ஆறு மாதத்துக்குள் பிராது கொடுக்க வேண்டியிருந்தது. இப்பொழுது மூன்று ஆண்டுக்குள் கொடுக்கலாம். தொழிலாளி தானே கொடுக்கலாம், அவன் சேர்ந்துள்ள ரிஜிஸ்தர் செய்யப்பட்ட தொழிற்சங்கம் கொடுக்கலாம், இன்ஸ்பெக்டரும் கொடுக்கலாம். பத்து மடங்கு வரையிலான நஷ்டஈடு முன்போலவே நிற்கிறது. கூலி கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்கும் பாரம் முதலாளியைச் சார்ந்தது. ஆகவே கடையோ பட்டறையோ அச்சுக்கூடமோ நடத்தும் நம்மவர்கள் சம்பள ரிஜிஸ்தரும் சம்பளச் சீட்டும் வைத்திருத்தல் அவசியம். விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் வைத்திருப்போருக்கு ரிஜிஸ்தர் கட்டாயமில்லை. ஆயினும் இன்ஸ்பெக்டர் கேட்டால், கூலி கொடுத்ததற்குத் தக்க அத்தாட்சி காட்ட வேண்டும். பிராதைக் கேட்கும் அதிகாரி கூடியவரையில் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பளிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.